நுவரெலியாவில் பழைய ஹோட்டலா, காட்டுக்குள் பங்களாவா?

டிசம்பர், ஏப்ரல் விடுமுறைகள் நெருங்கும்போதெல்லாம் எனக்கு வரும் கேள்வி ஒன்றுதான், கேட்பவர்தான் மாறுவார். "அண்ணா, டவுனுக்குள்ளேயே ஒரு வெள்ளைக்காரக் காலத்து ஹோட்டல் பார்த்து வச்சிருக்கோம், இன்னொரு பக்கம் சொந்தக் காடு இருக்கிற ஒரு தோட்டத்துப் பங்களா, ரெண்டும் நல்லாத்தான் தெரியுது, எதை புக்கிங் போடுறது?" யாழ்ப்பாணத்திலிருந்து கேட்பவர்களும் உண்டு, டொரொண்டோவிலிருந்து கேட்பவர்களும் உண்டு. தனித்தனியாகப் பதில் எழுதிக்கொண்டிருப்பதை விட ஒரே இடத்தில் விரிவாக எழுதிவிடுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்டுப் பங்களாவுக்கு இரண்டு இரவாவது ஒதுக்க முடியாதவர்கள் அதைத் தொடவே வேண்டாம். ஒரு இரவுக்கு டவுன் ஹோட்டல்தான் சரி. ஏன் என்பதைக் கீழே படியுங்கள், உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தாவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து அளப்பது

விலையை மட்டும் பார்த்தால் இந்தக் கணக்கு பிழையாகிவிடும். நான் பார்ப்பவை ஐந்து. "காடு" என்று அவர்கள் சொல்வது உண்மையிலேயே காடா. கட்டடம் நிஜமாகவே பழையதா, பழையதென்றால் வசதியாக இருக்கிறதா. வரி, சாப்பாடு, வாகனம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு. அங்கே போய்ச் சேர எத்தனை மணி நேரம். கூட வருபவர்கள் யார், அதாவது முழங்கால் வலியோடு பெரியம்மா வருகிறாரா, நாலு வயதுப் பிள்ளை வருகிறதா.

ஆறாவதாக ஒன்றையும் நான் எப்போதும் பார்ப்பேன். கொடுக்கிற காசில் ஏதாவது பக்கத்து லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், இருக்கும் சனத்துக்குப் போய்ச் சேருகிறதா என்பது. இந்தப் பங்களாக்களுக்குக் கல் சுமந்தவர்களும் சுற்றியுள்ள மலைகளைக் காடு வெட்டித் தோட்டமாக்கியவர்களும் நம் பாட்டன் பூட்டன்மார். அதனால் இது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

## டவுனில் இருக்கும் பழைய ஹோட்டல்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பு வெயில் தாங்காத வெள்ளைக்காரர்கள் இளைப்பாற வந்து வளர்த்த ஊர் அது, அதனால்தான் இத்தனை பழைய விடுதிகள். கிராண்ட் ஹோட்டல் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களின் கடைசியில் கட்டிய பங்களாவிலிருந்து வளர்ந்தது. ஹில் கிளப் 1876ல் தோட்டத்துரைமார் தொடங்கியது, இரவுச் சாப்பாட்டு மண்டபத்துக்கு ஆண்கள் கோட்டும் டையும் போட்டுத்தான் போகவேண்டும் என்ற வழக்கத்துக்குப் பெயர்போன இடம் (கொண்டுவராதவர்களுக்கு அவர்களே இரவல் கொடுப்பார்கள்). ஊவா மாகாணப் பக்கம் வந்தால் பண்டாரவளை ஹோட்டல் இருக்கிறது, 1893லிருந்து. கந்தப்பளையில் 1973ல் மூடிய ஒரு தேயிலை ஸ்டோரை (தொழிற்சாலையை) அப்படியே வைத்துக்கொண்டு 1996ல் ஹோட்டலாக்கினார்கள். அது டவுனிலிருந்து தள்ளித்தான் இருக்கிறது, ஆனாலும் தங்கும் அனுபவத்தில் இந்த வகையோடுதான் சேரும்.

இவற்றில் பெரிய நன்மை, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது. நானுஓயா ஸ்டேஷன் பக்கம். மருந்துக் கடை, ஆஸ்பத்திரி பக்கம். ஹோட்டல் சாப்பாடு பிடிக்கவில்லையா, இறங்கி நடந்தால் பஜாரில் தோசை சாப்பிடலாம். பிள்ளைகளுக்கு கிரகரி ஏரி, பெரியவர்களுக்கு சீதா எலிய கோயில், இன்னும் கொஞ்சம் போனால் ஹக்கல பூங்கா. மழை பிடித்துக்கொண்டாலும் ஒரு நாள் வீணாகாது.

"டவுனில் இருந்தால் காடு கிடைக்காதே" என்பவர்களுக்கு ஒரு செய்தி. டவுனுக்கு நடுவில் உள்ள விக்டோரியா பூங்காவுக்குக் குளிர்காலத்தில் பறவை பார்ப்பவர்கள் வெளிநாட்டிலிருந்து தேடி வருகிறார்கள். காஷ்மீர் ஈப்பிடிப்பானும் ஆறுமணிக்குருவியும் அங்கே, அதுவும் குப்பைத்தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரத்திலேயே, நின்று பார்க்கக் கிடைக்கும். கால்வேஸ் லேண்ட் என்ற சிறிய காடு 2006லிருந்து தேசிய பூங்கா. 30 ஹெக்டயருக்கும் குறைவுதான், ஆனால் அது உண்மையான மலைக்காடு.

குறைகளையும் சொல்ல வேண்டும். பழைய கட்டடம் என்றால் பலகைத் தரை, பலகைத் தரை என்றால் மேல்மாடிக்காரர் இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தால் கீழே உங்களுக்குத் தெரியும். படங்களில் பார்க்கும் அந்த உயரக் கூரை அறைகள் எல்லாருக்கும் கிடைக்காது. பல ஹோட்டல்களில் பழைய பகுதி கொஞ்சம், பின்னால் சேர்த்த புதிய பகுதி நிறைய, நீங்கள் "ஸ்டாண்டர்ட்" என்று போடும் அறை பெரும்பாலும் புதிய பகுதியில்தான் விழும். பழைய பகுதியில்தான் வேண்டும் என்று போடும்போதே எழுதிக் கேளுங்கள். குளிரும் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனியே விழும், அறையில் ஹீட்டர் உண்டா அல்லது படுக்கைக்குள் வைக்கும் ரப்பர் வெந்நீர்ப் பையோடு சரியா என்று விசாரித்துவிடுங்கள்.

ஏப்ரல் புத்தாண்டுக் காலம் நுவரெலியாவின் சீசன். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, விடிய விடியப் பாட்டு, நகர முடியாத வாகன வரிசை. அறை விலை பல மடங்கு ஏறும். அமைதி தேடி வருபவர்கள் ஏப்ரலில் டவுன் பக்கமே வராதீர்கள்.

## தனியார் காட்டுக்குள் பழைய பங்களா

தோட்டத்து மேலாளரான பெரிய துரை இருந்த பங்களா, அல்லது அந்தக் காலத்து விருந்தினர் விடுதி, சுற்றிவரத் தேயிலை, அதற்கு மேல் காடு, அந்தக் காட்டை "எங்கள் தனியார் சரணாலயம்" என்று விளம்பரம் செய்வார்கள். பொகவந்தலாவ, நோர்வூட், காசல்ரீ நீர்த்தேக்கப் பக்கம், ஹப்புத்தளை, மாத்தளைக்கு மேலே எல்கடுவ என்று பல இடங்களில் தோட்டத்து விடுதிகள் இருக்கின்றன. சரணாலயம் என்ற பேச்சு வரும்போதுதான் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டப்படி தேசிய பூங்கா, இயற்கை ஒதுக்கிடம், சரணாலயம் எல்லாம் அரசு வர்த்தமானியில் அறிவித்தால்தான் உண்டு. ஒரு ஹோட்டல் தன் கைவசம் உள்ள நிலத்துக்கு என்ன பெயரும் வைக்கலாம். போதாததற்கு, 1970களின் காணிச் சீர்திருத்தத்தில் பெருந்தோட்டங்கள் அரசுக்குப் போய், 1992க்குப் பிறகு கம்பெனிகளுக்குக் குத்தகையாக வந்தவை, ஆகவே "எங்கள் காடு" என்பது பல இடங்களில் குத்தகைக் காடுதான். இதனால் அந்த இடம் மோசம் என்று அர்த்தம் இல்லை. நன்றாகப் பார்த்துக்கொள்ளும் தோட்டங்களும் இருக்கின்றன. ஆனால் பாதுகாப்பு அந்த நிர்வாகத்தின் மனதில்தான் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

இன்னொன்று, அது காடுதானா என்பது. இதைப் படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். மரங்கள் எல்லாம் ஒரே உயரத்தில், அளந்து நட்டதுபோல நேராக நின்றால் அது பைனஸ் அல்லது யூக்கலிப்டஸ், விறகுக்கும் பலகைக்கும் நட்டது. பைனஸுக்குக் கீழே ஊசி இலை மெத்தையாகக் கிடக்கும், வேறெதுவும் அதிகம் முளைக்காது, குருவிச் சத்தமும் குறைவு. உண்மையான மலைக்காட்டு மரம் குட்டையாக, கோணல்மாணலாக, உடம்பெல்லாம் பாசி போர்த்தி நிற்கும். தலைகள் மட்டும் குடை விரித்ததுபோலச் சமமாக இருக்கும். கீழே நெலு என்ற குறிஞ்சி வகைப் புதர் நெருக்கமாக இருக்கும். அப்படிப்பட்ட காடு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் ஓடைகள் தொடங்கும் மலை உச்சிகளில்தான். 1870களில் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 5,000 அடிக்கு மேல் காட்டை வெட்ட விடாதீர்கள் என்று ஆலோசனை சொன்னார், அதனால்தான் இன்றைக்கு இந்த அளவாவது இருக்கிறது.

நல்ல காடு அமைந்தால் என்ன கிடைக்கும்? காலை ஐந்தரைக்கு மலைக் கருமந்தி கத்தும் சத்தம், கேட்டுப் பழகாதவர்கள் பயந்தே போவார்கள். மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்துச் செடியிலேயே வந்து உட்காரும். மரை தேயிலைக்குள் இறங்கி நிற்கும். சிறுத்தையைப் பற்றி மட்டும் ஆசை காட்டுபவர்களை நம்பாதீர்கள். தேயிலைத் தோட்டங்களில் சிறுத்தை இருக்கிறது, ஆராய்ச்சியாளர்களின் கமெராக்களில் விழுந்திருக்கிறது, ஆனால் அது இரவில் நடமாடும், நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் கால்தடமும் மரத்தில் நகம் கீறிய கோடும்தான். அதைக் காட்டி விளக்கத் தெரிந்த ஒருவர் கூட வந்தால் அதுவே போதும்.

இங்கேதான் அந்த ஆறாவது அளவுகோல் வருகிறது. காட்டைக் காட்ட யார் வருகிறார்? கொழும்பிலிருந்து வந்த ஆங்கிலம் பேசும் பொடியனா, இல்லை அதே மலையில் பிறந்து, எந்த மலையில் எப்போது கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது) நடந்தது, எந்த ஓடையில் பன்றி இறங்கும் என்று தெரிந்தவரா? இரண்டாமவரைப் பயிற்சி கொடுத்து வைத்திருக்கும் இடங்கள் இருக்கின்றன, அங்கே போங்கள். காட்டுக்கும் அதுவே நல்லது. பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பியில் சிறுத்தை மாட்டிக்கொள்வது மலைநாட்டில் தொடர்ந்து நடக்கிறது. 2020 மே மாதம் நல்லதண்ணி லக்ஷபான தோட்டத்தில் அப்படி மாட்டிய ஒரு கருஞ்சிறுத்தையைக் காப்பாற்ற முயன்றும் செத்துப்போனது. பக்கத்து லயத்தில் இருப்பவருக்குக் காட்டால் வருமானம் வரும் இடத்தில் கம்பி குறையும் என்பது என் நம்பிக்கை. போடுவதற்கு முன் "கம்பி தேடி ரோந்து போகிறீர்களா?" என்று ஹோட்டலைக் கேளுங்கள். விஷயம் தெரிந்தவர்கள் உடனே பதில் சொல்வார்கள்.

இப்போது செலவு. போட்ட விலையோடு முடியாத விஷயம் இது. வரைபடத்தில் டவுனிலிருந்து 15 கிலோமீட்டர் என்று காட்டும், கடைசித் துண்டு தோட்டத்து ரோடு, கல்லும் குழியுமாக ஒரு மணி நேரம் எடுக்கும், சின்னக் காரின் அடிப்பாகம் தட்டும். வேனோடு சாரதி வந்தால் அவருக்குப் படுக்க இடமும் சாப்பாடும் உண்டா என்று கேட்டே ஆகவேண்டும், இல்லாவிட்டால் பாவம், அந்தக் குளிரில் வேனுக்குள் படுப்பார். வெளியில் கடை கிடையாது, ஆகவே மூன்று வேளையும் அங்கேதான், அதுவும் அவர்கள் விலைக்கு. சாப்பாடு சேர்த்த விலையா என்று பாருங்கள். காட்டு நடைக்குத் தனிக் காசா என்றும் கேளுங்கள். மழைக்காலத்தில் அட்டை கடிக்காமல் இருக்க ஸ்டாக்கிங்ஸ் கொடுப்பார்களா என்பதையும் சேர்த்தே கேளுங்கள், இல்லாவிட்டால் சவர்க்காரக் கட்டி ஒன்றைக் கையில் வைத்துக் காலில் தேய்த்துக்கொள்ளுங்கள், எங்கள் தோட்டத்து முறை அது.

ஒரு இரவு மட்டும் என்றால் ஏன் வேண்டாம் என்கிறேன்? பிற்பகல் இரண்டு மணிக்கு உள்ளே போவீர்கள், அந்த நேரம் மலையில் மூடுபனி இறங்கிவிடும். அடுத்த நாள் பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். காடு காட்டுக்குரிய முகத்தோடு இருப்பது விடிந்து இரண்டு மணி நேரம்தான், அது உங்களுக்கு ஒரே ஒரு தடவை கிடைக்கும், அன்றைக்குப் பார்த்து மழை பெய்தால் அவ்வளவுதான். இரண்டு இரவு என்றால் இரண்டு விடியல், நடுவில் ஒரு முழு நாள்.

## வனஜீவராசிகள் திணைக்களத்தின் பங்களா

ஹோட்டன் சமவெளிக்குள்ளேயே திணைக்களத்தின் பங்களாக்கள் உண்டு. முன்பு அங்கே ஃபார் இன் என்று ஒரு பழைய வேட்டை விடுதி தங்குமிடமாக இருந்தது, இப்போது அது பார்வையாளர் நிலையம், தங்க முடியாது. பங்களாக்களில் தங்கினால் உங்களுக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம். சமவெளி விளிம்பில் உள்ள உலக முடிவு (வேர்ல்ட்ஸ் எண்ட்) என்ற செங்குத்துப் பள்ளத்தைக் காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மேகம் மூடிவிடும், மற்றவர்கள் நுவரெலியாவில் நாலு மணிக்கு எழுந்து ஓடிவருவார்கள், நீங்கள் உள்ளேயே இருப்பீர்கள். 1969ல் இயற்கை ஒதுக்கிடம், 1988ல் தேசிய பூங்கா, 2010ல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியல் என்று படிப்படியாகப் பாதுகாத்த நிலம் இது, "தனியார் சரணாலயம்" பற்றிய சந்தேகம் எதுவும் இங்கே வேண்டாம்.

ஆனால் சொகுசு கிடையாது. அரிசி, பருப்பு, மரக்கறி எல்லாம் நீங்களே வாங்கிக்கொண்டு போகவேண்டும், பங்களாக் காவலர் சமைத்துத் தருவார். குளிர் எலும்பைக் குடையும். பொலித்தீன் பைகளை வாசலிலேயே பார்த்து எடுத்துவிடுவார்கள். நுழைவுக் கட்டணம் தங்கும் கட்டணத்தோடு சேராது, அதிலும் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டுக்கும் உள்ளூர் அடையாள அட்டைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நண்பர்களாக ஐந்தாறு பேர், காட்டுக்காகவே வருபவர்கள் என்றால் இதை அடிக்க ஆளில்லை. சின்னப் பிள்ளை, வயதானவர் என்றால் வேண்டாம்.

## அடிசம்

ஹப்புத்தளையில் தாமஸ் வில்லியர்ஸ் 1931ல் ஆங்கிலேய மாளிகை பாணியில் கட்டிய கல் வீடு, இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். பக்கத்திலேயே தங்கமலைச் சரணாலயம், அது அரசு அறிவித்த சரணாலயம். பழைய கட்டடமும் காடும் ஒன்றாக வேண்டும், கையில் காசு குறைவு என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அறைகள் சில மட்டுமே, முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும். மடத்து ஒழுங்கு இருக்கும், இரவு சத்தம் போடுவதற்கோ குடிப்பதற்கோ வருபவர்களுக்கான இடம் இல்லை. ஜாம் வாங்கிக்கொண்டு வாருங்கள், நல்லது.

## வரியும் பாஸ்போர்ட்டும்

ஹோட்டல் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் அந்த விலை முழு விலை அல்ல. 100,000 ரூபாய் என்று போட்டிருந்தால் 10 சதவீத சேவைக் கட்டணம் சேர்த்து 110,000, அதற்கு மேல் 18 சதவீத வற் வரி, ஆக 129,800. சாப்பாட்டுக்கும் இதே கணக்கு. டவுன் ஹோட்டலில் இருந்தால் சாப்பாட்டை வெளியே பார்த்துக்கொள்ளலாம், காட்டுப் பங்களாவில் முடியாது, அதனால் அங்கே இந்தக் கிட்டத்தட்ட முப்பது சதவீதக் கூடுதல் உங்களை எல்லா வேளையும் பிடிக்கும்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு இன்னொன்று. பல இடங்களில் உள்ளூர்வாசிக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு ஒரு விலை. மாமா, மாமி இலங்கை அடையாள அட்டை, நீங்கள் கனடாப் பாஸ்போர்ட் என்றால் எந்த அறைக்கு எந்த விலை என்று போடும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வரவேற்பு மேசையில் நின்று வாக்குவாதம் செய்தால் பயணமே கசந்துவிடும்.

## யாருக்கு எது

அம்மா, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருபவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள், ஒரே இரவு உள்ளவர்கள், ரயிலில் வருபவர்கள்: டவுன் ஹோட்டல். ஆனால் ஏப்ரலில் பண்டாரவளைப் பக்கம் பாருங்கள்.

புதிதாகக் கல்யாணமானவர்கள், எங்கும் ஓடாமல் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்க ஆசைப்படுபவர்கள், பறவை பார்ப்பவர்கள்: காட்டுப் பங்களா, இரண்டு இரவு அல்லது மூன்று.

தாத்தா பாட்டி வேலை செய்த தோட்டத்தைப் பார்க்க வருபவர்கள் நிறையப் பேர் எழுதுகிறீர்கள். உங்களுக்கும் பங்களாவைத்தான் சொல்வேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அங்கே பெரும்பாலும் துரைமாரின் கதையைத்தான் சொல்வார்கள், யார் கட்டினார், யார் வந்து தங்கினார், எந்தக் கட்டில் இங்கிலாந்திலிருந்து வந்தது என்று. லயத்தையும், காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்த பழைய பெரட்டுக் களத்தையும், வேலைக்குப் போனவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பிள்ளைக் காம்பராவையும் பார்க்க வேண்டும் என்று முதல் நாளே கேளுங்கள். சமையலறையில் இருப்பவர், தோட்டம் கூட்டுபவர், இவர்களோடு தமிழில் பேச்சுக் கொடுங்கள். எந்த டிவிஷன், எந்தக் கங்காணி என்று ஒரு சொல் உங்கள் வாயிலிருந்து வந்தால் போதும், சாயங்காலத்துக்குள் உங்களுக்கு உறவே கிடைத்துவிடும். லயத்துக்குப் போகும்போது வீட்டுக்காரரைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

## இரண்டையும் சேர்க்க நினைப்பவர்களுக்கு

நாலு இரவு இருந்தால் காட்டை முதலில் வையுங்கள், டவுனைப் பின்னால் வையுங்கள். கொழும்பிலிருந்து நேரே தோட்டத்துக்குப் போய்க் களைப்பைத் தீர்த்துக்கொண்டு, நுவரெலியாவில் கடைகண்ணி பார்த்து, நானுஓயாவில் ரயில் ஏறலாம். மாறிச் செய்தால் கடைசி நாள் தோட்டத்து ரோட்டில் இறங்கி விமானத்துக்கு ஓடவேண்டி வரும்.

மாதத்தையும் பாருங்கள். அட்டன், நுவரெலியாப் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை வானம் நன்றாக இருக்கும், மே கடைசியில் தென்மேற்கு மழை தொடங்கிவிடும். ஊவாப் பக்கம் அதற்கு நேர்மாறு, ஹப்புத்தளையும் பண்டாரவளையும் ஜூலை, ஆகஸ்டில் காய்ந்து கிடக்கும், மழை ஒக்டோபருக்குப் பிறகு. ஆகஸ்ட் விடுமுறையில் வரும் ஐரோப்பாக்காரர்கள் நுவரெலியாவைப் பிடித்துக்கொண்டு மழையில் நனைவதை விட ஊவாவுக்குப் போகலாம். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் மலைநாட்டை எப்படிப் புரட்டிப் போட்டது என்று எல்லாருக்கும் தெரியும், ரயில் பாதையும் ரோடுகளும் பல இடங்களில் மண்சரிவில் போயின. ஆகவே எந்த மாதம் வந்தாலும், புறப்படுவதற்கு இரண்டு நாளுக்கு முன் ஹோட்டலுக்கு ஒரு அழைப்பு எடுத்து "எந்த ரோடு திறந்திருக்கிறது, ரயில் எந்த ஸ்டேஷன் வரை ஓடுகிறது, மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் காசு திரும்பத் தருவீர்களா" என்று மூன்றையும் கேட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டுங்கள்.